புளியமரத்துப் பக்கம் நின்றவர்

கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றவர் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மைதானத்தில் நான் முதலில் கவனித்தது அதைத்தான். பந்து அந்தக் கோடியில் எங்கோ புழுதிக்குள் கிடந்தது. இருபது பேர் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். காலரியில் இருந்த எல்லாரும் அந்தப் பக்கமே கழுத்தைத் திருப்பியிருந்தார்கள். இவர் மட்டும் இந்தக் கோடியில் தனியாக நின்று, காலடியில் கிடந்த சரளைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பத்துக்குப் பின்னால் போட்டார். எறியவில்லை, கொண்டுபோய் வைத்தார். அப்பு, அவர்தான் உன் அப்பா என்று நீ நினைப்பாய். பதினேழு வயதில், திண்டுக்கல்லில் ஒரு மூங்கில் காலரியின் மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உன் கடிதம் திங்கட்கிழமைத் தபாலில் வந்தது. இரண்டு தடவை படித்தேன். நீ கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற எலனின் அப்பா உன்னை அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பேஸ்பால் ஸ்டேடியத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார், வீட்டுக்கு அழைக்காமல் அங்கே ஏன் அழைக்கிறார் என்று தெரியவில்லை, அந்த ஆட்டத்தில் எனக்கு அ, ஆ கூடத் தெரியாது, மூன்று மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது, எதற்குக் கை தட்டுவது, என்ன சட்டை போடுவது என்றெல்லாம் எழுதியிருந்தாய். இதைப் போய் என்னிடம் கேட்டாயே என்று சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பேஸ்பாலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நீ விளக்கியதை வைத்து, நம் தெருப் பிள்ளைகளின் கிட்டிப்புள்ளுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் இருக்கிற ஏதோ ஒன்று என்று புரிந்துகொண்டேன். ஆனால் ஒரு மைதானத்துக்கு முதல் தடவையாகப் போகும்போது, அதுவும் ஒரு கல்யாணக் காரியத்தை மனதில் வைத்துக்கொண்டு போகும்போது, என்னென்ன தப்பு நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நீ பிறந்து வளர்ந்து அமெரிக்கா வரைக்கும் போய்விட்டதால் என் கதையின் முடிவு உனக்குத் தெரியும். அது எவ்வளவு பக்கத்தில் வந்து கைநழுவப் பார்த்தது என்பது தெரியாது. இத்தனை வருஷமாக நான் அதைச் சொல்லவும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் எட்டாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சோறாக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். அப்பா காலையில் சைக்கிள் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அண்ணன் எப்போதும் வெளியில். நாள் முழுக்கப் பேச ஆள் இல்லாமல் எனக்குப் பேச்சே மறந்து போயிற்று. வாசலில் யாராவது கூப்பிட்டால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். தெருக் குழாயில் எனக்குப் பின்னால் வந்தவள் குடத்தை முன்னால் தள்ளினால் ஒன்றும் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை, மில்லின் கால்பந்து அணியிலும் ஆடுகிறான், அண்ணனுக்குப் பழக்கம், நம் சர்ச் பங்கைச் சேர்ந்தவர்கள்தான். அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பொண்ணு பாக்க வாராக. அதுக்கு முன்னாடி உனக்குச் சம்மதமா இல்லையான்னு சொல்லிரும்மா. அவுக வந்து காப்பி குடிச்சிட்டுப் போனப்புறம் வேண்டாம்னு சொன்னா அந்தப் பையனுக்கும் அசிங்கம், நமக்கும் அசிங்கம். உங்கம்மாவ யாரும் ஒரு வார்த்தை கேக்கல. சாகுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நான் உன்னைக் கேட்டுட்டேன்.”

கேட்டுவிட்டார். ஆனால் பார்க்காத ஆளைப் பற்றி என்ன சொல்வது? வந்திருந்த போட்டோவில் பத்துப் பேர் தோளில் கை போட்டு நின்றார்கள். அதில் எது அவர் என்று பார்ப்பதற்குள் வெட்கமாகி அதைத் திருப்பி வைத்துவிட்டேன். அண்ணன்தான் வழி சொன்னான். “போட்டோவுல எல்லாப் பயலும் நல்லவனாத்தான் தெரிவான். புதன்கிழமை மேட்ச் இருக்கு. சித்தியக் கூட்டிக்கிட்டு வா. ஒன்றரை மணி நேரம் நல்லாப் பாத்துக்க. எந்தப் பொண்ணுக்குக் கெடைக்கும் இது?” அப்பா கொஞ்சம் யோசித்துச் சரி என்றார். அம்மாவின் தங்கை அகரத்திலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். அவளும் அதுவரை ஒரு ஆட்டமும் பார்த்தவள் இல்லை.

போகிற வழியில் அண்ணன் எங்களுக்குப் பாடம் நடத்தினான். “ஓடுறவங்கள எல்லாம் விட்டுருங்க. கோலுக்கு முன்னாடி ஒருத்தன் நிப்பான், அவன்தான் கோல்கீப்பர். நம்ம ஆளு புளியமரத்துப் பக்கம் நிப்பான். எங்க ஆளுக எப்பவும் அந்தப் பக்கந்தான் ஆரம்பிப்பாங்க. கண்ணத் தெறந்து பாத்தாப் போதும்.” இவ்வளவு சொல்லிவிட்டு, பெண்கள் உட்காரும் காலரியில் எங்களை ஏற்றிவிட்டு, அவன் எதிர்ப்பக்கம் ஆண்கள் கூட்டத்தில் போய் மறைந்துவிட்டான். சவுக்குக் கம்பும் மூங்கிலும் வைத்துக் கயிற்றால் கட்டிய காலரி அது. பக்கத்தில் ஒருத்தி தும்மினால் நாங்களும் ஆடினோம். மைதானத்தைச் சுற்றித் தட்டி அடைத்திருந்தது. தட்டிக்கு மேலே மலைக்கோட்டை தெரிந்தது. இவ்வளவு ஆட்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்ததே இல்லை. தலையைக் குனிந்து என் கால் விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாணயத்தைச் சுண்டிப்போட்டு யாருக்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்ததை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது. அன்றைக்கு மில் அணிக்கு அது சாதகமாக விழவில்லை என்பதை யாரும் எங்களுக்கு வந்து சொல்லவும் இல்லை.

அதனால் அப்பு, நீ போகும்போது முதல் காரியமாக இதைச் செய். உட்கார்ந்ததும், யார் யாருடைய ஆட்கள், எந்தச் சட்டை எந்த ஊர், இன்றைக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று எலனின் அப்பாவிடமே கேள். வீட்டில் புத்தகம் படித்துவிட்டுப் போய் எல்லாம் தெரிந்தவன்போல உட்காராதே. முந்தின நாள் ஒருவர் சொன்னது ஆட்ட நாளன்று மாறியிருக்கும். தெரியாததைக் கேட்கிறவனைப் பார்த்தால் பெரியவர்களுக்கு மனசு இளகும். எனக்கு வாயில்லாமல் போனதால்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் தம்பிதான் மில் அணியில் நடுவில் ஆடினான் என்று பிறகு தெரியவந்தது.

புளியமரத்துப் பக்கம் பார்த்தேன். அவர் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பந்து அவர் பக்கம் வரும்போது நிமிர்வார், பிடிப்பார், உதைப்பார், திரும்பவும் குனிவார். சத்தமே இல்லாத மனிதர். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இவர் இருக்கிற வீட்டில் நான் பயப்படாமல் இருப்பேன் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஒரு பந்து அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டது. மைதானமே எழுந்து நின்று கை தட்டியது, தொப்பிகள் பறந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்திக்குக் கோபம் தாங்கவில்லை.

“இதுகளுக்கு என்ன கேடு? நம்ம புள்ள பாவம் பந்த விட்டுட்டு நிக்கிறான், அதப் பாத்து அம்புட்டுப் பேரும் கை தட்டுறாகளே! ஊர்க்காரப் புள்ளையின்னு ஒரு எரக்கம் வேணாம்?”

பக்கத்தில் இருந்த பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். “வெளியூரா நீங்க?”

“இந்தா இருக்கு அகரம். ஏன், எங்களப் பாத்தா எப்பிடித் தெரியுது?” என்று சித்தி முறைத்தாள். அந்தப் பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு புளியமரத்துக்காரர் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தபோது சித்தி மட்டும் தனியாகக் கை தட்டினாள். காலரி முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. நீ அப்படி மாட்டிக்கொள்ளாதே. எலனின் அப்பா எப்போது கை தட்டுகிறார் என்று இரண்டு மூன்று தடவை கவனி. அதுவரை கைகளை மடியில் வைத்துக்கொள். பந்து பார்வையாளர்கள் பக்கம் வந்து விழுந்தால் பிடித்தவனே வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று உன்னோடு வேலை பார்க்கும் பையன் சொன்னதாக எழுதியிருந்தாய். இங்கே என்றால் பந்தைத் திருப்பிக் கொடுக்காதவனை உதைக்காமல் விடமாட்டார்கள். அதையும் அவரிடம் கேட்டுவிட்டே எடு.

இடைவேளை விட்டார்கள். வெயிலில் சித்திக்கு நாக்கு வறண்டுவிட்டது. தட்டிக்குப் பின்னால் கலர் விற்றுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் குறையட்டும் என்று நான் ஒரு ஓரமாக நின்றேன். நான் நிற்க நிற்க மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் சித்தி உள்ளே புகுந்து இரண்டு பாட்டில் வாங்கி வந்தாள். குடித்துவிட்டு நாங்கள் காலரி ஏறும்போது ஆட்டம் ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. நான் நேராகப் புளியமரத்துப் பக்கம் பார்த்தேன்.

அங்கே நின்றவர் கத்திக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம்கூட வாய் ஓயவில்லை. என்ன சொல்கிறார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை, சத்தம் மட்டும் வந்தது. கையை நீட்டி நீட்டி யாரையோ விரட்டினார். தன் பக்கத்து ஆள் ஒருவன் பந்தை விட்டபோது கோலை விட்டு ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். அடிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு கோல்கீப்பர்களுக்கும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை. முகம் தெரியாத தூரம். கல் பொறுக்கியவர்தான் இவர் என்பதில் எனக்கும் சித்திக்கும் ஒரு சந்தேகமும் இல்லை.

“ஆத்தாடி,” என்றாள் சித்தி. “செத்த நேரத்துக்கு முன்னாடி சாமியாராட்டம் இருந்தான். இப்பப் பாரு, பேய் புடிச்ச மாதிரி ஆடுறான். எடவேளையில என்னத்தக் குடிச்சானோ?”

அன்று சாயங்காலம் அப்பா கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருந்தார். கை கால் கழுவிவிட்டு வந்து, “என்னம்மா?” என்றார். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி அடுப்பைப் பார்த்தாள். “பாதி நேரம் நல்லவரா இருக்காருப்பா,” என்று மெதுவாகச் சொன்னேன். “மீதி நேரம்?” என்றார் அப்பா. “வேண்டாம்பா,” என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “சரி, நாளைக்குச் சொல்லி அனுப்பிருவோம்,” என்றார். அவ்வளவுதான் அப்பு. என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்து போயிருக்கும். அண்ணன் அன்றைக்கு நண்பர்களோடு ஊர் சுற்றப் போயிருந்தால் நீ இல்லை.

அண்ணன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். “எப்பிடி நம்ம ஆளு? ஒரு கோல் விட்டானா பாத்தியா?”

“விட்டாரே,” என்றேன். “ஊரே கை தட்டுச்சே.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தி எடுத்துச் சொன்னாள். முதலில் கல் பொறுக்கியது, பந்தை விட்டது, பிறகு பேய் பிடித்தது, எல்லாவற்றையும். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“கல் பொறுக்குனவன் வெளியூர்க்காரன்டீ! டாஸ்ல தோத்துட்டோம், அதனால எங்காளுக எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சாங்க. எடவேளைக்கப்புறம் பக்கம் மாத்துவாங்க. நீங்க ரெண்டு பேரும் மேட்ச் முழுக்கப் புளியமரத்தப் பாத்திருக்கீங்க!”

“எதுக்கு மாத்தணும்? இருந்த எடத்துல இருந்து ஆட வேண்டியதுதான?” என்றாள் சித்தி.

“வெயிலு, காத்து, மேடு பள்ளம் எல்லாம் ரெண்டு பேருக்கும் சமமா இருக்கணும்ல சித்தி.”

“இது நல்ல நியாயமாத்தான் இருக்கு,” என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப நம்ம பையன் யாரு?”

எனக்குப் பிடித்தவர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாத யாரோ. எனக்கு வந்த மாப்பிள்ளை அந்தக் கத்துகிறவர். “கத்துறதுதான் கோல்கீப்பர் வேலை,” என்று அண்ணன் மன்றாடினான். “கத்தலைன்னா அவன் தூங்குறான்னு அர்த்தம்.” அவன் நண்பனுக்காகப் பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். “அதான் சொல்லிட்டாளே, விடு,” என்றார் அப்பா. பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் காலையில் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகும் வழியில் மாப்பிள்ளை வீட்டில் தகவல் சொல்லிவிடுவார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நான் பார்த்தது ஒருவரின் அமைதியை, கேட்டது இன்னொருவரின் சத்தத்தை, வேண்டாம் என்றது இரண்டையும் ஒன்றாக்கி. அப்படி ஒரு பதிலைச் சொல்லி அனுப்புகிறோமே என்று மனசு குத்தியது. அவர் செருப்பில் காலை நுழைத்தபோது, “அப்பா, இன்னொரு தடவ பாக்கணும்,” என்றேன்.

“எதை?”

“மேட்ச்ச.”

“மேட்ச்சையா, மாப்பிள்ளையையா?” என்றார். அம்மா போன பிறகு அவர் அப்படிக் கேலி பேசி நான் கேட்டதில்லை. அவர் அன்றைக்கு வேறு தெரு வழியாகக் கடைக்குப் போனார்.

புதன்கிழமை ஜெயித்ததால் மில் அணிக்குச் சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் இருந்தது. இந்த முறை காலரி வேண்டாம் என்றேன். கோலுக்குப் பின்னால், தரை டிக்கெட்காரர்கள் உட்காரும் இடத்தில், அவர் சத்தம் வார்த்தையாகக் கேட்கிற தூரத்தில் உட்கார வேண்டும் என்றேன். “ஆம்பளைக கூட்டத்துலயா?” என்று சித்தி குடையை விரித்துக்கொண்டே கேட்டாள். ஆனாலும் வந்தாள். அண்ணன் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தான். அந்த இடத்தில் நிலக்கடலை விற்கிற ஒரு அம்மாவைத் தவிர வேறு பெண்கள் இல்லை. என் காது சூடாகிவிட்டது. ஆனால் ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் அதை மறந்துவிட்டேன். “ஜோசப்பு, உனக்குப் பின்னாடி ஆளு வாரான்!” “எடப்பக்கம் காலியா கெடக்கு, மூடு!” “விடு, விடு, நான் பாத்துக்கிறேன்!” “போனாப் போகுது, அடுத்ததப் பாரு!” இதுதான் அவர் கத்தியது எல்லாம். முன்னால் ஓடுகிறவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. கடைசியில் நிற்கிறவனுக்கு முழு மைதானமும் தெரியும். தெரிந்ததை அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். தூரத்திலிருந்து கேட்டால் அது சண்டை. பக்கத்தில் கேட்டால் அது ஒரு பெரிய வீட்டில் அம்மா ஒருத்தி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற மாதிரி இருந்தது.

இடைவேளை விட்டார்கள். இந்த முறை எனக்குத் தெரியும், அவர் அந்தப் பக்கம் போய்விடுவார். அங்கேயே உட்கார்ந்திருந்தால் எதிர் அணிக்காரனின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கோடிக்குப் போக ஒரே வழி, கயிற்றை ஒட்டி, காலரி முழுவதுக்கும் முன்னால் நடப்பது. சித்தி எழுந்திருக்க மறுத்துவிட்டாள். “எனக்கு முட்டி வலிக்கிது. பாத்த வரைக்கும் போதும் புள்ள.” நான் எழுந்தேன். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். நூறு கெஜம் இருக்கும். காலரியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். “ஏலே, பொம்பளப்புள்ள ஒண்ணு ரெஃபரிகிட்ட பெராது குடுக்கப் போகுதுடா!” என்று ஒருவன் சொல்ல, ஒரு கூட்டமே சிரித்தது. நான் நிற்கவில்லை. நின்றால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அந்தக் கோடியில், எனக்கு முன்பே ஓடிப் போயிருந்த அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த இரண்டாம் பாதியில்தான் அது நடந்தது. மேலே எழும்பி வந்த ஒரு பந்து. பின்வரிசையில் ஆடிய சின்னப் பையன் ஒருவன் அதற்காகக் காத்து நின்றான். இவர் “நான் வாரேன்!” என்று கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். பையன் விலகிக்கொண்டான். பந்து இவர் விரல்களில் பட்டு வழுக்கி உள்ளே உருண்டது. கூட்டம் அந்தப் பையனைத் திட்ட ஆரம்பித்தது. நின்னுக்கிட்டே தூங்குறியாடா, வெளிய போடா என்று வாய்க்கு வந்தபடி. பையன் முகம் செத்துப்போயிற்று. இவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். கையைத் தன் நெஞ்சில் வைத்து, அதே பெரிய குரலில், மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னார். “அவன ஒண்ணும் சொல்லாதீங்க! நான்தான் விலகச் சொன்னேன்! என் தப்பு! என் தப்பு!” நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில், எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும், ஒரு ஆம்பளை அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. மெதுவாகக்கூடக் கேட்டதில்லை.

உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது சைக்கிள் சாவியைத் தொலைத்தாய் என்று உன் அப்பா உன்னைத் தெருவில் வைத்துச் சத்தம் போட்டாரே, நினைவிருக்கிறதா? அரைமணி நேரத்தில் சாவி அவர் சட்டைப்பையிலேயே கிடைத்தது. திரும்பவும் உன்னைத் தெருவுக்குக் கூட்டிப்போய், அதே சத்தத்தில், தப்பு என்மேல்தான் என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். நீ அதற்கும் அழுதாய். “ஏம்மா அப்பா எப்பவும் கத்துறாரு?” என்று என்னிடம் கேட்டாய். நான் “அவரு அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டேன். அது பதிலே இல்லை அப்பு. பக்கத்தில் போய் உட்கார்ந்து வார்த்தையைக் கேள் என்று அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். நீ தூரத்திலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டு வளர்ந்துவிட்டாய். உன் கடிதங்களில் அவருக்கு இரண்டு வரிக்கு மேல் இருப்பதில்லை. அதில் பாதிக் குற்றம் எனக்கு. இப்போதுகூட வாசலில் தண்ணீர் லாரிக்காரனிடம் கத்திக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இன்னும் ரெண்டு குடம் ஊற்று என்றுதான்.

எலனின் அப்பாவிடமும் இதையே செய். வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ, பசித்தால் உனக்கு முகம் மாறிவிடும். அவர் வாங்கிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லாதே, கூச்சத்தில் நான் அந்தக் காலத்தில் எத்தனையோ பேரை வருத்தியிருக்கிறேன். வெயிலுக்குத் தொப்பி வைத்துக்கொள். அங்கே ஒரு ஆட்டத்தில் ஒன்பது சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அணிகளும் இடம் மாறும் என்று எழுதியிருக்கிறாய். எங்களுக்கு ஒரு தடவை மாறியதற்கே இந்தக் கதி. நடுவில் எழுந்து போனால், திரும்பி வந்ததும் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பார். அவருடைய அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தைக் கவனி. அவரும் உன் முகத்தைக் கவனிப்பார், அதற்காகத்தான் வீட்டுக்கு அழைக்காமல் அங்கே அழைத்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. அது நல்ல மனிதர் செய்கிற காரியம். பயப்படாமல் போ. அவர் சொல்வது காதில் விழவில்லை என்றால், விழுந்த மாதிரி தலையாட்டாதே. கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, திரும்பச் சொல்லச் சொல். உனக்கு நல்லதே நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சனிக்கிழமை மில் அணி தோற்றுப்போயிற்று. கூட்டம் கலைந்து தட்டியைப் பிரித்துக்கொண்டு நாலா பக்கமும் போயிற்று. அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயந்து, செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டே, “என்னடீ, போதுமா பாத்தது?” என்று கேட்டான். சித்தியை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு நான் அப்பாவின் கடைக்கு நடந்தேன். அந்தக் கடைக்கு நான் தனியாகப் போனதே இல்லை. அப்பா ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, “நாளைக்குப் பூசை முடிஞ்சு எத்தன பேருப்பா வாராக? அரிசி ஊறப் போடணும்,” என்று கேட்டேன்.